டாட்சன் 280இசட்: கம்ப்ரஸர் புல்லியைச் சின்னதாக்கினால் சிக்னலில் குளிருமா?

ஜூன் 8, 2024, மாலை: கேள்வி

என்கிட்ட 1977 டாட்சன் 280இசட் இருக்கு. பழைய கம்ப்ரஸர் போயி சாண்டன் 508 மாட்டியிருக்கு. வி-பெல்ட், கேஸ் ஆர்134ஏ. ஹைவேயில் கை விறைக்கிற மாதிரி குளிருது. டல்லாஸ் வெயிலில் ரெண்டு சிக்னல் நின்னா வென்ட்டில் வெறும் காத்துதான். இங்கே ஏசி வேலை பாக்குற கடையில், "புல்லி 132 மி.மீ. இருக்கு, பெருசு. 119 மி.மீ. ரிப் புல்லி போடு, ஐடிலிங்கில் வேகமா சுத்தும், குளிரும்"ங்கறாங்க. ரிப்னா பல பல் வச்ச பெல்ட் ஓடுற புல்லி. அண்ணே, போடலாமா? இசட்டில் யாராவது செஞ்சிருக்கீங்களா?

ஜூன் 8, இரவு

என்னிடம் இருப்பது 1978 மாடல் 280இசட், ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் ஓடுகிறது. ரிப் புல்லிக்கு நானும் மாறினேன். ஆனால் உங்கள் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணத்துக்காகப் போடாதீர்கள் தம்பி. கணக்கைப் பாருங்கள்.

இன்ஜின் முன்னால் சுற்றும் கிராங்க் புல்லியில் ஏசி பெல்ட் ஓடும் இடம் 140 மி.மீ. என்று வைப்போம். இது உதாரணத்துக்கு, உங்கள் வண்டியில் அளந்துகொள்ளுங்கள். கம்ப்ரஸரில் 132 இருந்தால் விகிதம் 1.06. இன்ஜின் ஐடிலிங் 800 என்றால் கம்ப்ரஸர் 848 ஆர்பிஎம் சுற்றும். 119 போட்டால் விகிதம் 1.18, கம்ப்ரஸர் 941. ஆக சிக்னலில் நிற்கும்போது உங்களுக்குக் கிடைப்பது 93 ஆர்பிஎம்.

இப்போது மேலே போங்கள். இன்ஜின் 6400 தொடும்போது 132 புல்லியில் கம்ப்ரஸர் 6790 பக்கம். 119 புல்லியில் 7530. சாண்டன் 508-ஐத் தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்சம் 6000. ஏற்கெனவே எல்லையைத் தாண்டி நிற்கிற கம்ப்ரஸருக்கு இன்னும் 740 சேர்த்துக் கொடுக்கிறீர்கள், கீழே ஒரு 93-க்காக. தையல் மெஷினில் மேல் சக்கரத்தைச் சின்னதாக்கினால் மெதுவாக மிதிக்கும்போது தையல் கொஞ்சம்தான் கூடும், வேகமாக மிதிக்கும்போது ஊசியே உடையும். விகிதத்தைக் கூட்டினால் கீழே மட்டும் கூடாது, எல்லா இடத்திலும் கூடும்.

அதே 941 வேண்டுமென்றால் இருக்கிற புல்லியோடு ஐடிலிங்கை 890-க்கு ஏற்றினால் போதும். ஏசி வைத்த 280இசட்டில் அதற்கென்றே நிஸான் ஒரு சொலினாய்டு கொடுத்திருக்கிறது. கையேட்டில் எஃப்ஐசிடி என்று இருக்கும். ஏசி கிளட்ச் (புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைப்பது) பிடிக்கும்போது இன்டேக்குக்குக் கொஞ்சம் கூடுதல் காற்றைத் திறந்துவிட்டு ஐடிலிங்கைத் தூக்கும். பாதி வண்டிகளில் வேக்குவம் ஓஸைப் பிடுங்கி முனையில் ஒரு ஸ்க்ரூவைச் சொருகி வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த இன்ஜினில் ஐடிலிங்கைத் தானாகச் சரிசெய்யும் கம்ப்யூட்டர் கிடையாது. எல்-ஜெட்ரானிக் பெட்டி பெட்ரோலை அளந்து கொடுக்கும், அவ்வளவுதான். சின்ன புல்லி போட்டால் கிளட்ச் பிடிக்கும்போது இன்ஜின் மேல் விழும் சுமை கூடும். 800-ல் நிற்கிற இன்ஜின் 700-க்கு இறங்கினால் நீங்கள் வாங்கிய 93 அங்கேயே கரைந்துபோகும்.

ஜூன் 9, காலை

மேலே போட்ட கணக்கு புல்லியின் வெளிவிட்டத்தை வைத்து. அதை இன்னும் துல்லியமாக்க வேண்டும். வி-பெல்ட் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும். 132 என்று விற்கும் புல்லியில் பெல்ட் உண்மையில் பிடிக்கும் வட்டம் அதைவிடச் சின்னது. ரிப் பெல்ட் பல்லின் மேல் உட்கார்ந்து ஓடுவதால் அதன் வட்டம் வெளிவிட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. அதாவது வி 132-க்கும் ரிப் 119-க்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 13 மி.மீ.யைவிடக் குறைவு. 93 என்றேனே, அதுகூட முழுசாகக் கிடைக்காது.

விகிதத்தை அளக்கக் காலிபர் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். கிராங்க் புல்லியில் ஒரு கோடு, கம்ப்ரஸர் புல்லியில் ஒரு கோடு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் மாட்டி, வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் பத்துச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஸர் புல்லி எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி பத்தால் வகுத்தால் உங்கள் வண்டியின் விகிதம். பெல்ட் தேய்ந்து உள்ளே இறங்கியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்து வந்துவிடும்.

ஜூன் 9, மதியம்

"தினமும் யார் 6400 வரைக்கும் விரட்டுறாங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இசட்டை வைத்துக்கொண்டு ஆன்-ராம்பில் இரண்டாம் கியரில் இழுக்காதவர் யார்? 132 புல்லியில் இன்ஜின் 5650 தாண்டும்போது கம்ப்ரஸர் 6000 தொடும். 119-ல் இன்ஜின் 5100-லேயே தொட்டுவிடும். ராம்பில் ஏறி ஹைவேயில் சேர்கிற அந்த இடத்தில் 5100 என்பது சாதாரணம்.

அடுத்தவர், "ஆர்பிஎம் சுவிட்ச் வைத்து 5000-க்கு மேல் கிளட்ச்சை வெட்டிவிட்டால்?" என்கிறார். இதை நேற்றிரவு நான் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சரியாகவே வரும். கிளட்ச் விட்டுவிட்டால் உள்ளே பிஸ்டன்கள் நின்றுவிடும், வெளியே புல்லியும் பேரிங்கும் மட்டும் சுற்றும். கம்ப்ரஸர் பிழைக்கும். ஆனால் 5000-ல் விட்டு 4500-ல் பிடித்தால் அந்தப் பிடிப்பில் கிளட்ச் தட்டு சூடாகும், பெல்ட் ஒரு உதை வாங்கும். வெட்டும் வேகத்தைவிடத் திரும்பப் பிடிக்கும் வேகம் நன்றாகக் கீழே இருக்கிற மாதிரி சுவிட்ச்சை அமையுங்கள். அப்படிச் செய்கிறவர் சின்ன புல்லி போடலாம், நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் சிக்னலில் குளிர்ச்சி வருமா என்பது வேறு கேள்வி. அதற்கு இரவு எழுதுகிறேன்.

ஜூன் 9, இரவு

ஹைவேயில் குளிர்ந்து சிக்னலில் சுடுகிறது என்றால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறுகிறது. கம்ப்ரஸர் வேகம் குறைகிறது. கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வழியாகப் போகும் காற்றும் குறைகிறது. எல்லோர் கண்ணும் முதலாவது மேலேயே போகிறது, ஏனென்றால் அதற்கு ஒரு பார்ட் வாங்கலாம். பெரும்பாலான இசட்டுகளில் குற்றவாளி இரண்டாவது.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். இந்த வண்டிகள் ஆர்12 காலத்தில் வந்தவை. மான்ட்ரியல் உடன்படிக்கை 1987-ல். அமெரிக்காவில் புது ஆர்12 தயாரிப்பு 1995 முடிவோடு நின்றது. அதன் பிறகு எல்லோரும் ஆர்134ஏ-க்கு மாற்றினார்கள். 0 டிகிரி பக்கம் இரண்டின் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூட்டில்தான் பிரிகின்றன. 60 டிகிரி செல்சியஸில் ஆர்12-க்கு 15 பார் என்றால் ஆர்134ஏ-க்கு 17 பக்கம். அதாவது கண்டென்சர் சூடாக ஆக, ஆர்134ஏ-யில் ஹை சைடு (கம்ப்ரஸர் தள்ளும் பக்கம்) அழுத்தம் இன்னும் செங்குத்தாக ஏறும். 280இசட்டின் பழைய கண்டென்சர் ஒரே குழாயை வளைத்து வளைத்து ஃபின் (மெல்லிய தகடு) கோத்தது. ஆர்12-க்கு அது போதுமாக இருந்தது. ஆர்134ஏ வைத்துக்கொண்டு டெக்சஸ் மதியத்தில் நின்றால் போதாது.

சோதனை எளிது. இரண்டு கேஜையும் மாட்டுங்கள். வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் விடுங்கள், ஏசி முழுசாக, ஃபேன் முழு வேகம், கதவு இரண்டும் திறந்திருக்கட்டும். 35 டிகிரி வெயிலில் ஹை சைடு 210-லிருந்து 240 பிஎஸ்ஐ வரை இருந்தால் நல்லது. 300-ஐத் தாண்டினால் காற்று போதவில்லை, இல்லை கேஸ் அதிகம். அந்த நேரத்தில் தோட்டத்து ஓஸை எடுத்து, முனையில் கட்டைவிரலை வைத்து, கண்டென்சர் மேல் பொடிச்சாரலாக அடியுங்கள். பீய்ச்ச வேண்டாம், ஃபின் மடங்கும்.

என் வண்டியில் இதைச் செய்தபோது ஹை சைடு 330-ல் நின்றது. சாரல் பட்ட அரை நிமிஷத்தில் முள் இறங்க ஆரம்பித்து 240-க்கு வந்தது. உள்ளே வென்ட்டில் சொருகியிருந்த தெர்மாமீட்டர் 17 காட்டிக்கொண்டிருந்தது, மெல்ல 9-க்கு இறங்கியது. கம்ப்ரஸர் வேகம் மாறவே இல்லை. அதே புல்லி, அதே பெல்ட், அதே 800. தண்ணீரை நிறுத்தினேன், ஹை சைடு முள் பழையபடி ஏறியது. அதற்கு மேல் புல்லியைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாரல் அடித்தும் வென்ட் குளிரவில்லை, லோ சைடு (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கம்) 50-க்கு மேலேயே நிற்கிறது, ஹை சைடு ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் மட்டும் கம்ப்ரஸர் பக்கம் பாருங்கள். அது கம்ப்ரஸர் போதவில்லை, அல்லது உள்ளே வால்வு தட்டு போய்விட்டது என்பதற்கு அறிகுறி.

ஜூன் 10, காலை

ஒன்றை விட்டுவிட்டேன். ஹீட்டர் வால்வு. இசட்டில் இது பழைய வியாதி. வால்வு முழுசாக மூடாது, 90 டிகிரி கூலன்ட் ஹீட்டர் கோருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். இவாப்பரேட்டரில் குளிர்ந்த காற்றை இது பின்னால் நின்று சூடாக்கும். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸை ஒரு கிளாம்ப்பால் நசுக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லை.

ஜூன் 10, இரவு

அப்படியென்றால் நான் ஏன் ரிப் புல்லிக்கு மாறினேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பெல்ட் வழுக்கியதால்.

வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் ஆப்பு மாதிரி இறுகித்தான் பிடிக்கிறது. அடியில் தொடவே கூடாது. நல்ல நிலையில் பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்போடு சமமாகவோ ஒரு மயிரிழை மேலேயோ நிற்கும். என் கம்ப்ரஸர் புல்லியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பள்ளத்தின் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சுவர்களில் நடுவில் ஒரு குழிவு, விரல் நகத்தை வைத்து இழுத்தால் இறங்கி ஏறுவது தெரிந்தது. அதாவது பெல்ட் அடியில் உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றிலும் ஃபெண்டர் உள்பக்கம், கம்ப்ரஸர் பிராக்கெட், எல்லா இடத்திலும் மைபோலக் கறுப்புத் தூள். அந்தப் பள்ளத்தில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் கொஞ்ச நாளில் கீச்சிடும். இன்னும் இறுக்கினால் பேரிங் போகும்.

இங்கேதான் சின்ன புல்லி இன்னொரு விதத்தில் கெடுதல். விட்டம் குறைந்தால் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் நீளம் குறையும், ஆனால் அதே வேலைக்கு இழுக்கும் விசை கூடும். வி-பெல்ட்டில் சின்ன புல்லி என்பது வழுக்கலை நீங்களே விலைக்கு வாங்குவது. ரிப் பெல்ட் மெல்லியது, சின்ன வட்டத்தில் நன்றாக மடங்கும், பற்கள் பல இருப்பதால் பிடிப்பு அதிகம். அந்த வகையில் உங்கள் கடைக்காரர் சின்ன புல்லியையும் ரிப்பையும் சேர்த்துச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. ரிப்புக்கு மாறுங்கள், விகிதத்தைப் பழையபடி வையுங்கள்.

ரிப்புக்கு மாறுவதென்றால் கம்ப்ரஸர் பக்கம் மட்டும் மாற்றி முடியாது, கிராங்க் பக்கமும் ரிப் வேண்டும். நான் கிராங்க் டாம்பரின் (கிராங்க் முனையில் இருக்கும் அதிர்வடக்கும் புல்லி) முன்முகத்தில் போல்ட் போடும்படி ஒரு வளையம் லேத்தில் கடைந்து வாங்கினேன், 6 பல். அதன் விட்டத்தை என் பழைய விகிதம் வரும்படி சொல்லிக் கடைந்தேன். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு வளையத்தை வாங்கி மாட்டினால் விகிதம் உங்கள் கையில் இருக்காது. வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பெல்ட்டைத் தொடவில்லை, அது வி-யிலேயே ஓடுகிறது.

ரிப்பில் பல்லுக்குப் பல் இடைவெளி 3.56 மி.மீ. வரிசை ஒரு பல் தள்ளிப்போனால் பெல்ட்டின் ஓரப் பல் நூல் நூலாகப் பிரிந்து வரும். வி-பெல்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ரிப் பொறுக்காது. நேர்க்கோல் ஒன்றைக் கிராங்க் புல்லி முகத்தோடு ஒட்டிப் பிடித்து, கம்ப்ரஸர் புல்லி வரை நீட்டிப் பார்த்து, பிராக்கெட்டுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டுத்தான் சரிசெய்தேன். இதில் அவசரப்படவே கூடாது. பெல்ட் போட்டபின் கையால் சுற்றி, எல்லாப் பல்லும் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜூன் 11, காலை

கிராங்க் டாம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேற்று ஒருவர் "அலுமினிய லைட்வெயிட் புல்லி போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கலாமே" என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். 280இசட்டின் எல்28 இன்ஜின் ஆறு சிலிண்டர் நேர்வரிசை. கிராங்க் நீளமானது, ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த முறுக்கை அடக்கத்தான் முன்னால் ரப்பர் வைத்த டாம்பர் இருக்கிறது. வெளி வளையம், நடுவில் ரப்பர், உள்ளே மையம். அதை எடுத்துவிட்டுக் கட்டி அலுமினியம் போட்டால் புல்லி எடை குறையும், கிராங்க் ஆயுளும் குறையும்.

அதோடு, உங்கள் டாம்பருக்கு 47 வயசு. ரப்பர் காய்ந்திருந்தால் வெளி வளையம் மெல்ல நகர்ந்திருக்கும். சோதிக்க வழி: முதல் சிலிண்டர் உண்மையில் மேலே வரும்போது டாம்பரில் இருக்கும் பூஜ்யக் குறி முள்ளுக்கு நேராக நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் வளையம் நகர்ந்துவிட்டது. உங்கள் டைமிங் செட்டிங் அத்தனையும் பொய்க் குறியை வைத்துச் செய்தது. ரப்பர் வெடித்து வெளியே பிதுங்கியிருந்தாலும் அதே கதை. அந்த நிலையில் இருக்கும் டாம்பரில் இறுக்கமான புது பெல்ட்டை மாட்டாதீர்கள். முதலில் டாம்பர், அப்புறம்தான் புல்லி.

ஜூன் 11, இரவு

கம்ப்ரஸர் புல்லி கழற்றுவது பற்றி. கம்ப்ரஸரை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம், கேஸ் விட வேண்டாம். இந்த நாட்டில் கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்கூட. முன் நட்டைக் கழற்றி, கிளட்ச் தட்டைப் புல்லரால் இழுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் தட்டு வளையும், அப்புறம் எந்த ஷிம்மும் அதைக் காப்பாற்றாது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம்கள் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும், கீழே விழுந்து காணாமல் போகும். அடியில் ஒரு துணி விரியுங்கள். அப்புறம் லாக் வளையம், அப்புறம் புல்லி பேரிங்கோடு வெளியே வரும். அதற்குப் பின்னால், தட்டைக் காந்தமாக இழுக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில்.

திரும்பப் போடும்போது தட்டுக்கும் புல்லி முகத்துக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. ஃபீலர் கேஜை மூன்று நான்கு இடத்தில் விட்டுப் பாருங்கள், சுற்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும். இடைவெளி அதிகமானால் சூட்டில் காயில் தட்டை இழுக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏசி மதியம் மட்டும் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வோல்டேஜ். காயில் 4 ஆம்பியர் பக்கம் இழுக்கும். இசட்டின் ஃபியூஸ் பெட்டி எவ்வளவு மோசம் என்று வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் அளந்தபோது பேட்டரியில் 13.8, காயில் வயரில் 10.9. மூன்று வோல்ட் வழியிலேயே சூடாகப் போயிருக்கிறது. ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஃபியூஸோடு வயர் இழுத்தேன். கிளட்ச் பிடிக்கும் சத்தமே மாறியது.

புல்லி வாங்குகிறவர்கள் கவனிக்க: புல்லியும் காயிலும் ஜோடி. புல்லியின் உள்குடைவுக்குள்தான் காயில் உட்காருகிறது. அதனால்தான் புல்லியை இஷ்டத்துக்குச் சின்னதாக்க முடியாது; காயிலை மூடும் அளவுக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். வேறு கம்ப்ரஸர் புல்லியை "பேரிங் சைஸ் ஒன்றுதான்" என்று மாட்டினால் காயில் உரசும். இரட்டைப் பள்ளப் புல்லி என்றால், வரிசை ஒத்துவருமானால், கம்ப்ரஸர் உடலுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தையே பயன்படுத்துங்கள். பெல்ட் முன்னால் தள்ளி இழுக்க இழுக்க பேரிங் மேல் நெம்புகோல் விசை கூடும்.

ஜூன் 12

"வேகத்தைக் கூட்டாமல் கம்ப்ரஸர் கொள்ளளவைக் கூட்டினால்?" நல்ல கேள்வி. சாண்டன் 508 ஐந்து சிலிண்டர், ஒரு சுற்றுக்கு 138 சிசி. சாண்டனின் 7எச்15 ஏழு சிலிண்டர், 155 சிசி. ஒரே வேகத்தில் 12 சதவீதம் கூடுதல். 132-லிருந்து 119-க்குப் போவதால் காகிதத்தில் கிடைப்பதும் 11 சதவீதம்தான். கிட்டத்தட்ட அதே பலன், வேக உச்சத்தைத் தொடாமல். ஏழு சிலிண்டர் ஆனதால் அதிர்வும் குறைவு. பிராக்கெட் காதுகள் பெரும்பாலும் ஒத்துவரும், ஆனாலும் உங்கள் பிராக்கெட்டை அளந்த பிறகு வாங்குங்கள். கம்ப்ரஸரை எப்படியும் மாற்றப் போகிறவர் இதைப் போடட்டும். நல்ல 508-ஐத் தூக்கிப்போட்டுவிட்டு இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒரு கூடுதல் செய்தி: ஜப்பான் கம்பெனியாக இருந்தாலும் சாண்டனுக்கு அமெரிக்கத் தொழிற்சாலை டல்லாஸுக்குப் பக்கத்திலேயே வைலியில் இருக்கிறது. தம்பி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஜூன் 15, மாலை

தம்பி கேஜ் மாட்டி எண்களை அனுப்பியிருக்கிறார். வெளியே 37 டிகிரி. ஐடிலிங்கில் லோ 52, ஹை 345. சாரல் அடித்தபின் லோ 36, ஹை 250. வென்ட் 18-லிருந்து 10. எஃப்ஐசிடி ஓஸ் பிடுங்கி அடைத்திருந்ததாம்.

இதைவிடத் தெளிவான பதில் வராது. லோ சைடு 52 இருந்தது பார்த்ததும் கம்ப்ரஸர் என்று பயந்திருக்கிறார். ஹை சைடும் சேர்ந்து ஏறியிருக்கிறதே, தம்பி. வெப்பம் வெளியேற வழியில்லாமல் இரண்டும் ஏறியிருக்கின்றன. வழி கிடைத்ததும் இரண்டும் இறங்கின. கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது.

இனி வரிசை: இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் தள்ளுங்கள். ஃபேன் கிளட்ச் நல்லதென்றால் எதிர்ப்புத் தெரியும், உடனே நிற்கும். காற்றாடி மாதிரி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் போய்விட்டது. அடுத்து ரேடியேட்டர் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றி நிற்கும் கூடு) இருக்கிறதா? இல்லாத இசட்டுகள் நிறைய. அடுத்து கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓரங்களில் இருக்கும் சந்தைப் பஞ்சுப் பட்டையால் அடையுங்கள். நிற்கும்போது இன்ஜின் அறையின் சூடான காற்று அந்தச் சந்து வழியாகச் சுற்றி முன்னால் வந்து திரும்பக் கண்டென்சருக்குள்ளேயே போகிறது. பஞ்சுக்குச் சில டாலர்கள்தான், என் வண்டியில் ஹை சைடில் நன்றாகவே தெரிந்தது. இவை மூன்றும் முடிந்தும் போதவில்லை என்றால் பேரலல் ஃப்ளோ கண்டென்சர், அதாவது கேஸ் ஒரே நேரத்தில் பல குழாயில் ஓடுவது. நான் கடைசியில் அதையும் போட்டேன். கேட்டியிலிருந்து பெல்ட்வே 8 பிடித்து பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு ஆகஸ்ட் மாத மதியத்தில் போகிற வழியில், நெரிசலில் வண்டிகள் அப்படியே நின்றுவிடும். அங்கே என் மனைவி கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்து வருகிறார் என்றால் அது அந்தக் கண்டென்சர் செய்த வேலை.

ஜூன் 19

தம்பியின் ஃபேன் கிளட்ச் போயிருந்தது. மாற்றி, பஞ்சு அடைத்து, எஃப்ஐசிடி ஓஸைத் திரும்ப மாட்டியதில் ஐடிலிங்கில் ஹை 255, வென்ட் 11. புல்லி அதே 132. பள்ளத்தின் அடி மங்கலாகத்தான் இருக்கிறது, பளபளக்கவில்லை என்று படமும் போட்டிருக்கிறார். அப்படியானால் வி-பெல்ட்டிலேயே ஓட்டுங்கள். நல்ல பெல்ட் ஒன்று போட்டு, கொஞ்சம் ஓடியபின் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். புது வி-பெல்ட் முதலில் தளரும்.

ஜூன் 20

தன் வண்டியில் ஏசி வைக்கலாமா என்று 240இசட்காரர் கேட்டதற்கு: உங்கள் கிராங்க் புல்லியில் ஒரே பள்ளம்தான் இருக்கிறது என்றால் ஏசிக்கு இடமில்லை. ஏசி வைத்த 280-யின் டாம்பரைத் தேடி எடுக்கலாம். ஆனால் டைமிங் குறிகள் எல்லா டாம்பரிலும் ஒரே மாதிரி இல்லை, முள்ளும் சேர்ந்து மாற வேண்டியிருக்கும். அதனால் மாட்டியவுடன் முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து குறியைச் சரிபார்த்த பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடுங்கள். கார்புரேட்டர் வண்டி என்பதால் ஐடிலிங் தூக்க த்ராட்டில் லிங்கேஜைத் தள்ளும் சின்ன வேக்குவம் கருவி ஒன்று போதும், ஏசி கிளட்ச் வயரிலேயே அதற்கு சிக்னல் எடுக்கலாம். புல்லி வாங்கும்போது கம்ப்ரஸர் காயிலையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.